பறவைகளுக்கு முதல் இரண்டு மணி நேரம், கடைகளுக்கு மிச்ச நாள்: தளர்வுக் காலச் சனிக்கிழமைக்கு ஒரு வழிகாட்டி

கொரோனா ஊரடங்குகள் தளர்ந்த நாட்களில் எழுதிய வழிகாட்டி இது. ஊரடங்கு தளரத் தொடங்கியதும் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் ஒரே சனிக்கிழமையில் வந்து குவிந்துவிடுகிறது. வங்கியில் ஒரு கையெழுத்து, அப்பாவுக்கு மாத மருந்து, முடிவெட்டு, நூலகத்துக்குத் திருப்பித் தர வேண்டிய புத்தகங்கள், பழுது பார்க்கக் கொடுத்து மறந்தே போன கைக்கடிகாரம். வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில் ஜன்னலோரம் நின்று பறவை பார்க்கப் பழகிய நண்பர்கள் இப்போது என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லா வேலையும் திரும்பி வந்துவிட்டது, இனிப் பறவைக்கு எங்கே நேரம்?"

நேரம் இருக்கிறது. விடிந்த பிறகு வரும் முதல் இரண்டு மணி நேரத்தில்தான் பெரும்பாலான பறவைகள் மும்முரமாக இருக்கும். இரவெல்லாம் எதுவும் தின்னாத உடம்பு. விடிந்ததும் இரை தேட வேண்டும், பாட வேண்டும், தன் எல்லைக்குள் வேறு பறவை நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் எந்த வங்கியும் திறந்திருக்காது, எந்த நூலகமும் திறந்திருக்காது. பறவைகளின் நேரமும் கடைகளின் நேரமும் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. பறவையை முன்னால் வைத்து, வேலையைப் பின்னால் வைத்தால் போதும். தலைகீழாக மாற்றினால் இரண்டுமே கெடும்: வேலை எப்போதும் நினைத்ததைவிட நீளும், மதிய வெயிலில் பறவைகளும் அடங்கிவிடும்.

விடியற்காலையை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊரடங்கில் பறவைகள் ஊருக்குள் திரும்பிவிட்டன என்று பலரும் சொன்னோம். சில இடங்களில் அது உண்மை. பல இடங்களில் பறவைகள் முன்பும் அங்கேதான் இருந்தன. வண்டிச் சத்தத்தில் நமக்குக் கேட்கவில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் தலையில் வெள்ளைக் கோடுள்ள ஒருவகைச் சிட்டின் பாட்டை ஆய்வாளர்கள் 2020 ஊரடங்கின்போது பதிவு செய்து, பழைய பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். ஊர்ச் சத்தம் குறைந்ததும் அந்தச் சிட்டு குரலைத் தணித்துப் பாடியிருக்கிறது. அப்படித் தணித்துப் பாடியும் அதன் பாட்டு முன்பைவிடத் தொலைவுக்குக் கேட்டிருக்கிறது. இப்போது வண்டிகள் திரும்பிவிட்டன. எட்டு மணிக்கு மேல் தெரு மறுபடி இரைச்சலாகிவிடுகிறது. ஊரடங்கில் கேட்ட அந்த அமைதி இன்னும் மிச்சமிருப்பது விடியலில் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை இரவே செய்ய வேண்டியவை

முதலில் விதிகளைப் பாருங்கள். தளர்வுக் காலத்தில் விதிகள் வாரத்துக்கு வாரம் மாறும். நீங்கள் போக நினைக்கும் பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கிறது, உள்ளே எத்தனை பேரை விடுகிறார்கள், திறந்த வெளியில் முகக்கவசம் கட்டாயமா, கடைகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டா என்று உங்கள் ஊர் நிர்வாகத்தின் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். கடைக் கதவில் ஒட்டியிருக்கும் தாளை நம்ப வேண்டாம். அது இரண்டு தளர்வுக்கு முந்தியதாகக்கூட இருக்கலாம். வங்கி, மருத்துவமனை போன்றவற்றுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதுதான் பாதுகாப்பு. முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவோம் என்ற ஏற்பாடு தளர்வுக் காலத்தில் பல இடங்களில் தொடர்ந்தது. சில இடங்களில் தடுப்பூசிச் சான்றிதழும் கேட்டார்கள். அதைக் கைப்பேசியில் உடனே எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் பை. இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தோளில் மாட்டும் சிறிய பையில் பைனாகுலர், ஒரு நோட்டு, பென்சில் (பனியில் பேனா மை கலங்கும், பென்சில் கலங்காது), தண்ணீர், மாற்று முகக்கவசம் இரண்டு. மடித்து வைக்கிற துணிப்பையில் வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு, நூலகப் புத்தகம், வாங்க வேண்டிய பட்டியல். காலையில் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் நடுவில் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. வீட்டுக்குத் திரும்பினால் உட்கார்ந்துவிடுவோம் என்பது என் அனுபவம்.

உடை மங்கலான நிறத்தில் இருந்தால் நல்லது. இலைப் பச்சை, மண் நிறம், சாம்பல் எதுவானாலும் சரி. பளிச்சென்ற வெள்ளையும் சரசரக்கும் துணியும் வேண்டாம்.

பைனாகுலர் இல்லாவிட்டாலும் வாருங்கள்

முதல் நான்கைந்து சனிக்கிழமைகளுக்கு வெறும் கண்ணும் காதும் போதும். உண்மையாகவே சொல்கிறேன். பைனாகுலர் வாங்கிய கையோடு வருகிறவர்கள் முதல் நாள் முழுக்கக் கருவியோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போகிறார்கள். முதலில் பறவையைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். கருவி அதற்கு அப்புறம்.

வாங்குவதானால் 8×42 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வரும், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். விடியலின் குறைந்த வெளிச்சத்துக்கு இது தாராளம். 10 மடங்கு இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் பறவை பெரிதாகத் தெரியும்போது நம் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும். புதியவர்களுக்கு 8 தான் வசதி. எடை தாங்காது என்றால் 8×32 எடுக்கலாம். 50 மடங்கு, 100 மடங்கு என்று விளம்பரம் செய்யப்படும் மலிவான கருவிகளின் பக்கம் போகவே வேண்டாம்.

கருவியைச் சரிசெய்வதை ஒருமுறை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, உள்ளே ஒரே வட்டம் தெரியும்படி வையுங்கள். தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையைக் குறிவைத்து, வலது குழலின் முன்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்துகள் துல்லியமாகத் தெரியச் செய்யுங்கள். பிறகு இடது குழலை மூடிக்கொண்டு, வலது கண்ணருகே இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் துல்லியமாக்குங்கள். அந்த வளையத்தை அதன்பின் தொட வேண்டாம். இனி எல்லாவற்றுக்கும் நடுச் சக்கரம்தான். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்கள் கண்ணருகே இருக்கும் ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வட்டத்தின் ஓரம் கறுத்துத் தெரியும்.

பறவையைக் கருவிக்குள் பிடிப்பதற்கு ஒரு வழி உண்டு. பறவையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். பார்வையை எடுக்காமல், தலையை அசைக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பறவை உள்ளேதான் இருக்கும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவையைத் தேடிக் கிளை கிளையாக அலைய வேண்டியதுதான். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் கருவியை ஒருபோதும் திருப்பாதீர்கள். நொடி நேரத்தில் கண்ணுக்குத் தீராத சேதம் வரும்.

முகக்கவசமும் புகை படிந்த கண்ணாடியும்

தளர்வுக் காலத்தில் புதியவர்கள் அதிகம் சலித்துக்கொள்வது இதற்குத்தான். கவசத்தின் மேல்விளிம்பு வழியாகச் சூடான மூச்சு மேலே போய்க் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. பறவை மங்குகிறது. ஒரு காகிதக் கைக்குட்டையை நீளவாக்கில் நான்காக மடித்து, கவசத்துக்கு உள்ளே மூக்கின்மேல் படும்படி வைத்து, மேலே உள்ள கம்பியை மூக்கோடு சேர்த்து அழுத்திவிடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். குளிரூட்டிய அறையில் வைத்திருந்த பைனாகுலரை வெளியே எடுத்த உடனேயும் புகை படியும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே அதை வெளித் திண்ணையிலோ வாசலிலோ வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தனியாக, திறந்த வெளியில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது கவசத்தை இறக்கலாமா என்பது உங்கள் ஊர் விதியைப் பொறுத்தது. விதி அனுமதித்தாலும் ஒரு கவசத்தைச் சட்டைப்பையில் ஒரு சுத்தமான காகித உறைக்குள் வைத்திருங்கள். நடைபாதை வளைவில் எதிரே வயதானவர் ஒருவர் வந்தால் போட்டுக்கொள்ள அது கையருகே இருக்க வேண்டும்.

பைனாகுலரைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்ப்பது இந்தப் பொழுதுபோக்கின் அழகான பழக்கங்களில் ஒன்று. தளர்வுக் காலத்தில் அதை நிறுத்திவைக்கத்தான் வேண்டும். கண்ணோடும் முகத்தோடும் ஒட்டுகிற பொருள் அது. குழுவில் ஒருவரிடம் ஒற்றைக் குழல் தொலைநோக்கி இருந்தால் அதன் கண்பகுதியில் கைப்பேசியின் கேமராவைப் பொருத்தித் திரையில் காட்டச் சொல்லுங்கள். நாலு பேர் தள்ளித் தள்ளி நின்றுகொண்டே பார்க்கலாம். குழந்தைகளுக்கு இது இன்னும் வசதி, அவர்களுக்கு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வராது.

கிருமிநாசினி தடவிய கையால் கண்ணாடியைத் தொடாதீர்கள். ஆல்கஹால் கண்ணாடிப் பூச்சையும் ரப்பரையும் கெடுக்கும். கை நன்றாக உலரும்வரை, ஓர் அரை நிமிடம், பொறுத்துவிட்டுக் கருவியை எடுங்கள்.

தடுப்பூசி போட்ட மறுநாள் போவதானால் தோள் வலிக்கும். கருவியைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அன்றைக்குக் கருவியை வீட்டில் வைத்துவிட்டுக் காதை மட்டும் கொண்டுபோங்கள். நான் அப்படிப் போன ஒரு காலையில்தான் ஒரே மரத்தில் மூன்று விதக் குரல்கள் இருப்பதை முதன்முதலாகப் பிரித்துக் கேட்டேன்.

நின்ற இடத்தில் இருபது நிமிடம்

தண்ணீரும் மரமும் வெட்டவெளியும் சந்திக்கிற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரிய ஏரியாக இருக்க வேண்டியதில்லை. பூங்காக் குட்டை, வாய்க்கால் ஓரம், மைதானத்தின் புதர் விளிம்பு எதுவும் ஆகும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

அப்புறம் நடக்காதீர்கள். இதைத்தான் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நீங்கள் வந்த சத்தத்தில் எல்லாம் ஒளிந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் முதல் பறவை வெளியே வரும். பத்து நிமிடத்தில் உங்களை மறந்துவிடும். இருபதாவது நிமிடத்தில் அந்த இடம் நீங்கள் இல்லாதபோது எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

பறவை வந்ததும் உடனே பெயரைத் தேடிப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். புத்தகம் காத்திருக்கும், பறவை காத்திருக்காது. முதலில் அளவு. சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? இந்த மூன்றும் தெரிந்தால் போதும், "மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது, காக்கையைவிடச் சிறிது" என்று சொல்லிவிடலாம். பிறகு அலகு: குட்டையா நீளமா, நேரா வளைவா. வால், கால், என்ன செய்கிறது, எங்கே இருக்கிறது. நிறத்தைக் கடைசியில் வையுங்கள். வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் ஏமாற்றும்.

ஒரு தாழைக்கோழியை வைத்துக் காட்டுகிறேன். உலகின் பல பகுதிகளில் குட்டை ஓரங்களில் இருக்கும் பறவை இது. கோரைக்குள் இருந்து கரிய உருவம் ஒன்று வெளியே வருகிறது. வாத்து என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். நீந்தும்போது ஒவ்வொரு உதைக்கும் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. வாத்து அப்படி நீந்தாது. அலகு சிவப்பு, நுனி மட்டும் மஞ்சள். அந்தச் சிவப்பு அலகோடு நிற்காமல் நெற்றிவரை ஏறி ஒரு கேடயம்போலப் படர்ந்திருக்கிறது. விலாவில் யாரோ சுண்ணாம்பால் இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு. கரையேறியதும் வாலை வெடுக் வெடுக்கென்று தூக்குகிறது, வாலடியில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் பளிச்சிடுகின்றன. காலைப் பாருங்கள்: விரல்களுக்கு இடையே சவ்வே இல்லை. நீளமான வெறும் விரல்கள். மிதக்கும் இலைகளின்மேல் மூழ்காமல் நடக்க அந்த நீளம் உதவுகிறது. இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டால், புத்தகத்தில் அதன் படத்தைத் தேடும்போது சந்தேகமே வராது.

பெயரிலேயே பாதி விடை

இதே தாழைக்கோழியின் பக்கத்தில் இன்னொரு கரிய பறவை நீந்தும். நெற்றியில் சிவப்புக்குப் பதில் வெள்ளை. அதன் பெயர் நாமக்கோழி. நெற்றியில் நாமம் போட்ட கோழி! இனி வாழ்நாளில் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

தமிழில் பறவை பார்ப்பவர்களுக்கு இது ஒரு பெரிய கொடை. பெயர் வைத்தவர்கள் உற்றுப் பார்த்து வைத்திருக்கிறார்கள். வாலை ஆட்டிக்கொண்டே நடப்பது வாலாட்டி. தண்ணீரில் முங்கி வேறோர் இடத்தில் எழுவது முக்குளிப்பான். அகன்ற அலகு கரண்டிபோல இருந்தால் கரண்டிவாயன். விரால் மீனைப் பாய்ந்து அடித்துத் தூக்குவது விராலடிப்பான். தகைவு என்றால் சோர்வு. சோர்வே இல்லாமல் பறந்துகொண்டிருப்பது தகைவிலான். கால்நடைகளின் பக்கத்திலேயே நடந்து, அவற்றின் மேல் இருக்கும் உண்ணியையும் காலடியில் கிளம்பும் பூச்சிகளையும் தின்பது உண்ணிக்கொக்கு. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இது இருக்கிறது, நீங்கள் எந்த நாட்டில் இருந்து படித்தாலும் பார்க்கும் வாய்ப்பு அதிகம். அலகு மஞ்சளாக இருக்கும். அதே வெள்ளையில் அலகும் காலும் கறுத்து, பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது சின்னக் கொக்கு.

எச்சரிக்கையும் வேண்டும். நீர்க்காகம் காகமே அல்ல, மீன் பிடிக்கும் வேறொரு குடும்பம். பெயர் வழி காட்டும். முடிவைக் கண்தான் எடுக்க வேண்டும்.

கைப்பேசியில் பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இருந்தால் 2021 முதல் அது குரலைக் கேட்டும் பெயர் சொல்கிறது. நல்ல உதவி. ஆனால் அது சொன்ன பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள், அந்தப் பறவையைத் தேடிக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். பறவையை வரவழைக்க அதன் குரலைக் கைப்பேசியில் ஒலிக்க விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு ஓடிவரும். நமக்கு ஒரு நிமிடக் காட்சி, அதற்கு ஒரு காலைப்பொழுது வீண்.

தளர்வுக் காலத்துக்கே உரிய இன்னொரு கவனம் இது. மாதக்கணக்கில் ஆள் நடமாட்டம் இல்லாத பாதைகளில், புல்வெளிகளில், மணல் திட்டுகளில் தரையிலேயே முட்டையிடும் பறவைகள் கூடு வைத்திருக்கக்கூடும். ஒரு பறவை உங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினாலோ, சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினாலோ, கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். படம் எடுக்க நிற்காமல், வந்த வழியே காலடி பார்த்துத் திரும்பிவிடுங்கள்.

எழுதிவைப்பது எப்படி

தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எங்கே, என்ன பறவை, எத்தனை. இவ்வளவுதான். நோட்டில் எழுதிக்கொண்டு பிறகு ஈபேர்டு இணையதளத்தில் ஏற்றலாம். 2002-இல் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து தொடங்கியது அது. உலகின் எந்த மூலையில் இருந்தும் பட்டியல் அனுப்பலாம், கட்டணம் இல்லை. அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று அது கேட்கும். காக்கையையும் புறாவையும் விடாமல் எழுதியிருந்தால் மட்டும் ஆம் என்று சொல்லுங்கள். சாதாரணப் பறவை எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து ஒரு பறவை குறைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அது சாதாரணமாக இருந்த நாளின் கணக்கு வேண்டும்.

கூட்டமாகப் பறந்தால் முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே அளவில் கூட்டம் முழுக்க எத்தனை பத்து என்று பாருங்கள். தெரியாத பறவைக்குத் தெரியாது என்றே எழுதுங்கள்.

2020 மே 9 அன்று, உலகம் முழுக்க ஒரே நாளில் பறவை எண்ணும் நிகழ்வில் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் பட்டியல் அனுப்பினார்கள். ஊரடங்கு என்பதால் பலர் வீட்டிலிருந்தே எண்ணினார்கள். அதுபோல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் நடக்கும் வீட்டருகுப் பறவைக் கணக்கெடுப்பில் சேர, நின்ற இடத்தில் 15 நிமிடம் எண்ணினால் போதும்.

ஒன்பது மணிக்கு மேல்

கருவியை உறையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். வங்கிக்குள்ளும் மருத்துவமனைக்குள்ளும் கழுத்தில் பைனாகுலர் தொங்கினால் காவலர் கேட்பார். தெருவில் இருக்கும்போதும் வீட்டு ஜன்னல்கள் இருக்கும் பக்கம் கருவியைத் திருப்பாதீர்கள். பறவையைத்தான் பார்க்கிறீர்கள் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

வேலைகளை வரிசைப்படுத்த ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: மூடிய அறையில் கூட்டம் சேரும் இடம் முதலில், திறந்த வெளி கடைசியில். நோய் காற்றில் பரவுவது ஜன்னல் இல்லாத, நெருக்கமான இடங்களில்தான் அதிகம். அதனால் வங்கியும் மருந்துக் கடையும் திறந்தவுடன், கூட்டம் சேரும் முன்பே முடியட்டும். முடிவெட்டுக்கு நேரம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் புத்தகம் போட வெளியே பெட்டி இருந்தால் உள்ளே போகவே வேண்டாம். காய்கறி, பால் போலக் கெட்டுப்போகிறவை கடைசியில்.

வரிசை நீளமாக இருந்தால் கைப்பேசியை எடுக்காதீர்கள். நிமிர்ந்து பாருங்கள். மின்கம்பி, பெயர்ப்பலகையின் இடுக்கு, கூரை விளிம்பு, தெருவிளக்கின் குழாய் முனை எல்லாவற்றிலும் யாராவது குடியிருப்பார்கள்.

ஒரு மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். இரண்டு கடை தள்ளி, பல மாதம் மூடியிருந்த ஒரு சிறிய கடையின் ஷட்டருக்கு மேலே இருக்கும் தகரப் பெட்டிக்குள் ஒரு பெண் சிட்டுக்குருவி பச்சைப் புழு ஒன்றை அலகில் வைத்துக்கொண்டு நுழைந்தது. உள்ளேயிருந்து கீச்சொலி. ஆண் குருவி, தொண்டையில் கறுப்புத் திட்டோடு, கம்பியில் காவல் இருந்தது. சரியாக அந்த நேரத்தில் கடைக்காரர் சாவியோடு வந்து பூட்டைத் திறந்தார். ஷட்டர் சுருண்டு ஏறுவது அந்தப் பெட்டிக்குள்தான்.

வரிசையை விட்டு ஓடினேன். "ஐயா, ஒரு நிமிஷம். மேலே குஞ்சு இருக்கு."

அவர் கையை எடுத்துவிட்டு மேலே பார்த்தார். அடுத்த புழு வந்தது, மறுபடி கீச்சொலி. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எத்தனை நாள் ஆகும் தம்பி?"

முட்டை பொரிந்ததிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் சிட்டுக்குருவிக் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். இந்தக் கீச்சொலியின் பலத்தைப் பார்த்தால் பாதி நாள் முடிந்திருக்கும் என்று சொன்னேன். "பின்பக்கம் ஒரு கதவு இருக்கு," என்றார், சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டே. பத்து நாள் அந்தக் கடை பின்கதவு வழியாகத்தான் நடந்தது.

எனவே உங்களுக்குத் தெரிந்த யாராவது பல மாதம் கழித்துக் கடையையோ பட்டறையையோ திறக்கப் போகிறார்கள் என்றால், ஷட்டர் பெட்டி, காற்றுப்போக்கி, குளிரூட்டியின் வெளிப்பகுதி, புகைக்கூண்டு இவற்றை முதலில் ஐந்து நிமிடம் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். பறவை வாயில் எதையாவது வைத்துக்கொண்டு உள்ளே போய் வெறும் வாயோடு வெளியே வந்தால், உள்ளே கூடு இருக்கிறது.

வீடு திரும்பியதும்

வந்தவுடன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பைனாகுலரின் ரப்பர் விளிம்பை லேசாகச் சோப்பு நீர் தொட்ட துணியால் துடைத்துக் காய வையுங்கள். கண்ணாடியில் தூசி இருந்தால் முதலில் ஊதும் குமிழால் ஊதிவிட்டு, அப்புறம்தான் அதற்கென்று உள்ள மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். சட்டை நுனியால் தேய்த்தால் மண்துகள் கீறிவிடும்.

பட்டியலை அன்றைக்கே ஏற்றிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதி மறந்துபோகும். பெயர் தெரியாத பறவைகளை இப்போது புத்தகத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் குறிப்பை அழிக்க வேண்டாம், ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தைப் புரட்டும்போது அது என்னவென்று தெரிந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமைக்குப் புதிய இடம் தேட வேண்டாம். அதே குட்டைக்கு, அதே நேரத்துக்குப் போங்கள். கோரைக்குள் இருந்து அந்தத் தாழைக்கோழி வரும்போது பின்னால் கரிய பஞ்சு உருண்டைகளாக நாலைந்து குஞ்சுகள் வரக்கூடும். அவற்றின் மொட்டைத் தலையில் கொஞ்சம் சிவப்பும் நீலமும் தெரியும். எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.